எட்டுக்கு எட்டு

மொந்தேவிதேயோவில் காலை எட்டு என்றால்
ஹமமாட்சுவில் இரவு எட்டு.
"கொடுத்து வைத்தவள் நீ" என்றார் நரம்பு மருத்துவர்,
"கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம்.
காலை மாத்திரை இரவு மாத்திரை ஆகும், அவ்வளவுதான்.
நீ ஊர் மாறியதே உன் வலிப்புக்குத் தெரியாது."

தெரியும்.
அதற்கு எல்லாம் தெரியும்.

ஒரு மாத மருந்துக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை.
அதற்கு மேல் என்றால் அனுமதிச் சீட்டு.
முதல் விண்ணப்பத்தில்
மருத்துவரின் கையொப்பம் கோட்டைத் தாண்டியிருந்தது.
இரண்டாவதில்
கம்பெனி வைத்த பெயரும் மருந்தின் சொந்தப் பெயரும்
ஒருவரையொருவர் தெரியாதென்று சொல்லிவிட்டன.
மூன்றாவதற்குப் பதில் வருமுன்
விமானத்தின் தேதி வந்துவிட்டது.

அறுபது வில்லைகள். நீலம், நீள்வட்டம்.
கைப்பையில், அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே,
மருந்துச் சீட்டின் இரண்டு மொழிபெயர்ப்புகளோடு.
சுங்க அதிகாரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
தம்பி வாஷிங்டன் கட்டிக்கொடுத்த மாத்தே இலைப் பொட்டலத்தைத்தான்
பிரித்தார், முகர்ந்தார், இன்னொருவரை அழைத்தார்,
அவரும் முகர்ந்தார்.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள் நான்.
ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள்.
மூன்றும் ஒரே குரலாகும்வரை முறுக்குவது வேலை.
வலிப்பு வருமுன் எனக்கு
நான்காவது கம்பி கேட்கும்.
இல்லாத கம்பி, இழையளவு தாழ்ந்த சுருதியில்.
கேட்டபின் எனக்கு இருப்பது
கையிலுள்ள கோப்பையைக் கீழே வைக்கும் நேரம்.

தொழிற்சாலையில் இதைச் சொல்லவில்லை.
படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
அது பொய்யாகாது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஸ்பானிஷில்.

பெரிய மருத்துவமனை தந்த தேதி முப்பத்தேழாம் நாள்.
பதினான்கு வில்லை குறை.
இருபத்துநான்காம் நாளிலிருந்து,
சுத்தியல் கம்பளியைச் சீவும் கத்தியால்
ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினேன்.
வெட்டக் கூடாதென்று பெட்டியிலேயே இருக்கிறது,
எனக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில்.
சிந்திய பொடியை விரலில் ஒற்றி நக்கினேன்.

நான்காம் நாள், நடு 'லா'வில் கேட்டது.
பியானோவின் மூடியை மூடினேன்.
தரையில் உட்கார்ந்தேன்.
அந்த முறை அது கடந்து போனது,
கதவு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு
அடுத்த வீட்டுக்கு நடக்கிற ஆளைப் போல.

மேற்பார்வையாளர் குவாபாராவிடம் போய்
கைபேசிக்குள் பேசினேன்:
"என் தலைக்குள் மின்சாரப் புயல். மருந்து தீர்கிறது."
கைபேசி அவர் மொழியில் என்ன சொன்னதோ,
ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார்.

உள்ளங்கையில் பாதி வில்லையை நீட்டினேன்.
அந்தப் பாதியை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு கையுறையைக் கழற்றி
கார் சாவியைத் தேடினார்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் சின்ன மருத்துவமனை.
அந்த மருத்துவர்
மருந்தின் சொந்தப் பெயரை வாய்விட்டு ஒருமுறை படித்தார்,
பழைய வகுப்புத் தோழனின் பெயரைப் போல.
இரண்டு வாரத்துக்கு எழுதித் தந்தார்.

மருந்துக்கடையில் முயல் படம் போட்ட சிறு நோட்டு கொடுத்தார்கள்.
இனி எங்கே போனாலும் இதைக் கொண்டு போக வேண்டுமாம்.
உள்ளே ஒட்டுச்சீட்டு.
நில்டா எச்செவெரி, இடம் போதாமல்,
'நிருதா எச்செபெ'யில் நின்றிருந்தாள்.
வில்லை இப்போது மஞ்சள், வட்டம்.
அதே மருந்துதானா என்று மூன்று முறை கேட்டேன்.
மூன்று முறையும் தலையசைத்தாள் அந்தப் பெண்,
மூன்றாவது முறை கொஞ்சம் மெதுவாக.

இரவு எட்டு.
வாஷிங்டன் அழைக்கிறான், அவனுக்குக் காலை.
அவன் பக்கம் கெட்டில் இரைகிறது.
என் பக்கம் மேசைமேல் ஒரு துண்டுக் காகிதம்:
அந்த வெற்றுக் கட்டத்தில் எழுத வேண்டிய சொல்லை
குவாபாரா பெரிய எழுத்தில் எழுதித் தந்திருக்கிறார்.
எத்தனை கோடுகள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

"போட்டாச்சா?" என்கிறான்.
"இரு" என்கிறேன்.
மஞ்சள் நாக்கில் இருக்கிறது.
தண்ணீர் எடுக்க எழுந்திருக்க வேண்டும்.